கீரையை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை

மூன்றாவது ரத்தப் பரிசோதனையும் தப்பாக வந்த அன்று, என் கணவரின் சட்டைப் பையை முதல் முறையாகத் துழாவினேன். பேருந்துச் சீட்டு ஒன்று, இரண்டாக மடித்த லாட்டரி ஒன்று, தேயிலைத் தூள் படிந்த கைக்குட்டை. நான் தேடியது மாத்திரை. அவர் விழுங்காமல் ஒளித்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஏலப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. நான் அங்கே அங்கன்வாடி டீச்சர். அவருக்கு ஃபாக்டரியில், அரைத்த பச்சை இலை காற்றுப் பட்டுச் செம்பு நிறமாக மாறுகிற பெர்மெண்டிங் அறையில் வேலை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. எங்கள் மகள் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தபோது, மலைக்குக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதை மாற்றிச் செயற்கை வால்வு வைத்தார்கள். நான் பச்சை உடம்புக்காரி என்பதால் அவருடைய அண்ணன்தான் கூடப் போய் இருந்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரை. வால்வில் ரத்தம் உறைந்துவிடாமல் இருப்பதற்கு. மாதம் ஒரு முறை மலையிறங்கிப் போய் ரத்தம் கொடுத்து, உறைகிற அளவைப் பார்க்க வேண்டும். ஐ.என்.ஆர். என்பார்கள். அவருக்கு அது மூன்றை ஒட்டி நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் எங்கிருந்தாவது ஒழுகும்.

ஏழு வருடம் அது ஒழுங்காக நின்றது. எட்டாவது வருடம்தான் ஆட ஆரம்பித்தது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பீர்மேட்டில் எங்களைப் போன்ற டீச்சர்களுக்கு ஒருநாள் வகுப்பு நடந்தது. கீரை வகைகளைப் பற்றியது. பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, லூட்டின் என்று வகுப்பெடுத்த அம்மா பலகையில் எழுதிக்கொண்டே போனார். எல்லாம் ஆன்டி ஆக்சிடன்ட்டுகள். எங்கள் லயத்துக் கொல்லையில் கேட்பாரற்று முளைக்கிற செடிகளுக்குள் இத்தனை இருக்கிறதா என்று எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. அடுத்த வாரமே தாய்மார்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒருத்தி, கொழுந்து பறிக்கிற பெண், கையை உயர்த்தினாள்.

"ஆக்சிடெண்டா டீச்சர்? அப்போ ஜீப்புல ஏறுறதுக்கு முன்னாடி திங்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, எங்கள் ஊருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "ஃபாக்டரியில பச்ச எல மெஷின்ல நசுங்கி வந்ததும் என்ன ஆவுது? காத்துப் பட்டுச் செவக்குதுல்லா? அது மாதிரிதான். நம்ம ஒடம்புக்குள்ளயும் ஆக்ஸிஜனால கொஞ்சங் கொஞ்சமா சேதாரம் ஆவுது. கீரையில இருக்க சத்து அதத் தடுக்கும்."

வீட்டில் இதையே அவரிடம் சொன்னபோது, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "செவந்தாத்தான் டீ. செவக்காட்டா அத எவன் குடிப்பான்?" என்றார்.

நான் விடவில்லை. அன்று முதல் வீட்டில் தினமும் கீரை. சிவப்புத் தண்டுக்கீரை, மணத்தக்காளி, பசலை, பூசணியின் இளம் இலை. கம்பத்திலிருந்து காய்கறி ஜீப் வருகிற நாளில் முருங்கைக் கீரை. தேயிலைக் காட்டுக்குள் தானாக முளைத்த கீரையை நான் தொடமாட்டேன். களைக்கொல்லி அடித்திருப்பார்கள் என்ற பயம். கொல்லையில் சாக்குப் பைகளில் நானே வளர்த்தேன். கடைக் கீரை என்றால் மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் மூன்று தடவை கழுவுவேன். வெளியிலிருந்து வருகிற எதையும் நம்பாதவள் நான். மூன்று தடவை கழுவிய பிறகு கீரையில் சந்தேகப்பட என்ன மிச்சமிருக்கிறது?

இப்படி ஒன்றரை மாதம் போனது. அப்போதுதான் முதல் தடவையாக ஐ.என்.ஆர். இரண்டுக்கும் கீழே இறங்கியது.

டாக்டர் இளவயதுக்காரர், மலையாளி. எங்களிடம் பாதி தமிழில் பேசுவார். வெளியே வரிசை மாடிப்படி வரை நின்றது.

"மருந்து முடக்கியோ?" என்று கேட்டார். நடுவில் விட்டுவிட்டாரா என்று அர்த்தம்.

"இல்ல டாக்டர்" என்றார் இவர்.

"குடிக்குமோ?"

"தொட்டதே இல்ல."

"நாட்டு மருந்து எதாவது?" இல்லை. "ஆகாரத்துல மாற்றம் உண்டோ?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நல்ல சாப்பாடுதான் டாக்டர். நான் அங்கன்வாடி டீச்சர்."

டாக்டர் புன்னகைத்தார். மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்.

பேருந்தில் ஏறியதிலிருந்து அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. குடிக்குமோ? கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவர் மேல் அந்த வாடையை நான் உணர்ந்ததில்லை. ஆனால் டாக்டர் ஒன்றும் இல்லாமலா கேட்பார்? வீட்டுக்கு வந்ததும் அவர் துண்டை எடுத்து முகர்ந்தேன். தேயிலை வாசனைதான் வந்தது. அந்த வாசனைக்குள் வேறு எதையும் ஒளித்துவிடலாமே என்றும் தோன்றியது.

பதினைந்து நாள் கழித்துப் பார்த்தபோது ஐ.என்.ஆர். கூடுதலாக வந்தது. அடுத்த பதினைந்து நாளில் மறுபடி இறங்கியது. சட்டைப் பையைத் துழாவியது அன்றைக்குத்தான். டாக்டர் மாத்திரையை இன்னும் கூட்டினார். "ஒழுங்காய்ட்டு கழிக்கணும்" என்று இவரைப் பார்த்து அழுத்திச் சொன்னார். ஒழுங்காகச் சாப்பிட வேண்டும் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது இவர் தலை குனிந்தே நடந்தார். அது வெட்கமா, குற்ற உணர்ச்சியா என்று நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாத்திரைகளை எண்ணினேன். கணக்குச் சரியாக இருந்தது. அப்படியானால் எடுத்து எறிகிறார் என்று முடிவு செய்தேன். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கும்போது நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்போம். அவரிடமும் அதையே செய்தேன்.

"வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க."

"நான் என்ன ஒன் அங்கன்வாடிப் புள்ளையா?"

"அதுக சொன்னாக் கேக்கும்."

அவர் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. மகள் கட்டிலில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவது குறைந்தது. வீடு அமைதியாக இருக்கும்போது அவர் நெஞ்சுக்குள் அந்த வால்வு அடிப்பது கைக்கடிகாரம் போலக் கேட்கும். முன்பெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன். இப்போது அது எதையோ மறைத்துவிட்டு அடிப்பது போல இருந்தது.

அப்போதுதான் டிபன் பாத்திரத்தைக் கவனித்தேன்.

ஃபாக்டரியில் அவருக்கு பதினைந்து நாள் காலை ஷிஃப்ட், அடுத்த பதினைந்து நாள் மதிய ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் என்றால் இரண்டு வேளையும் வீட்டில், என் கண் முன்னால் சாப்பிடுவார். மதிய ஷிஃப்ட் என்றால் பதினோரு மணிக்குக் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சோறும் கீரையும் டிபனில் போகும். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்ததே இல்லை. காய்ந்த பருக்கையோடுதான் வரும். இப்போது பளிச்சென்று வந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். எலுமிச்சை வாசனை. எங்கள் வீட்டில் சாம்பலும் நீலச் சோப்பும்தான்.

யாரோ கழுவிக் கொடுக்கிறார்கள். எந்த ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையின் பாத்திரத்தை எலுமிச்சைச் சோப்புப் போட்டுக் கழுவுவான்? தூள் சலிக்கிற பகுதியில் எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். எட்டுப் பேரையும் எனக்குத் தெரியும். மூன்று பேரின் பிள்ளைகள் என்னிடம்தான் படித்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பாடும்போது அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மூன்று நாள் யோசித்தேன்.

நான்காம் நாள் அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஃபாக்டரிக்கு ஏறிப் போனேன். ஆறு மணிக்கு அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். பின்பக்கம், பாய்லருக்கு விறகு அடுக்கியிருக்கிற இடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. விறகு அடுக்கின் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன்.

என் டிபன் பாத்திரம் பாய்லர்காரரின் மடியில் இருந்தது. பெரிய மீசைக்காரர். அவருடைய மனைவி பிள்ளைகளின் படிப்புக்காகச் சங்கரன்கோவில் பக்கம் தாய் வீட்டில் இருந்தாள். மனிதர் தனியாகப் பொங்கித் தின்பவர். என் பசலைக் கீரையை விரலால் வழித்து வழித்துத் தின்றுகொண்டிருந்தார். என் கணவர் அவருக்கு எதிரே குந்தி, வாழை இலைத் துண்டில் கப்பைக் கிழங்கும் சுட்ட கருவாடும் தின்றுகொண்டிருந்தார். குழாயடியில் ஒரு எலுமிச்சைச் சோப்பு இருந்தது.

பாய்லர்காரர்தான் முதலில் என்னைப் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"மதினி! வாங்க மதினி. கீர அருமையா இருக்கு மதினி."

என் கணவர் கருவாட்டைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

"எத்தன நாளா நடக்குது?" என்று கேட்டேன்.

"வீட்ல ஒன் முன்னாடி திங்கேன்ல?" என்றார். "இங்கயாவது விடேன்."

எட்டுப் பெண்களையும் மனதுக்குள் மன்னித்தேன். ஆனால் அவரை மன்னிக்க முடியவில்லை. கீரை விஷயத்தில் இவ்வளவு நாடகம் ஆடுகிறவர், மாத்திரை விஷயத்தில் என்னவெல்லாம் ஆடுவார்? அந்தக் கோபத்தில் கீரையை அடியோடு நிறுத்தினேன். இனிமேல் இந்த வீட்டில் ஒரு இலைகூட வேகாது என்று சொன்னேன். உருளைக்கிழங்கு, பருப்பு, கருவாடு. அவருக்குப் பிடித்ததெல்லாம். கொல்லையில் கீரை முற்றிப் பூத்தது. பறிக்கவில்லை. பாய்லர்காரர் மட்டும் மகளிடம் ஒருநாள், "அம்மா கீர ஆக்கலியா தாயி?" என்று விசாரித்தாராம்.

பத்து நாள் போனது. ஒரு காலையில் அவர் பல் துலக்கித் துப்பிய நுரை இளஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்தேன். அவர் அவசரமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டார்.

"என்ன செவப்பு? பாக்குப் போடுதியளா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா ஏன் ஊத்தி மறைக்கிய?"

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போனார். நான் அன்று அவர் பெட்டியில் பாக்குப் பொட்டலத்தைத் தேடினேன். ஈறிலிருந்து ரத்தம் வருகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கேட்டிருக்கிறேன், மாத்திரை கூடினால் ஈறு கசியும் என்று. ஆனால் மாத்திரையையே விழுங்காத மனிதருக்கு எப்படிக் கூடும்? என் சந்தேகம் அவ்வளவு உறுதியாக இருந்தது.

அந்த ஞாயிறு, சர்ச்சில் வேதம் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. கைக்குட்டை நனைந்தது. என் முந்தானையைக் கொடுத்தேன். அதுவும் நனைந்தது. யாரோ ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஏலப்பாறையில் மூக்கில் பஞ்சு அடைத்து, உடனே கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். வளைவுகளில் ஜீப் சாயும்போதெல்லாம் அவர் என் மேல் சாய்ந்தார். "நான் ஒழுங்காத்தான் முழுங்குனேன்" என்று இரண்டு தடவை சொன்னார். வாயைத் திறக்கச் சொல்லி அவரை நிற்க வைத்தது ஞாபகம் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஐ.என்.ஆர். ஏழுக்கு மேல் இருந்தது. ஒரு மருந்தைக் கையில் ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் ரத்தம் நின்றது. பக்கத்தில் இருந்த சிஸ்டர், நாகர்கோவில் பக்கத்துக்காரர், நடுத்தர வயது, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசமா என்னென்ன சாப்பிட்டாங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சொன்னேன். கீரை என்று வந்ததும் அவர் பேனா நின்றது.

"தினமுமா?"

"தினமும் சிஸ்டர். ஆன்டி ஆக்சிடன்ட் நெறைய இருக்குன்னு..."

"இருக்கு. அதோட வைட்டமின் கே-யும் இருக்கு. ரத்தம் ஒறையறதுக்கு ஒதவுற வைட்டமின். இவங்க திங்கிற மாத்திர அதுக்கு எதிரா வேல பாக்குறது. நீங்க கீரையக் கூட்டுனா மாத்திரயோட வேகம் கொறையும். திடீர்னு நிறுத்துனா ஏறிரும். இப்போ ரத்தம் நிக்கிறதுக்கு ஏத்துன மருந்து என்னன்னு நெனச்சீங்க? அதே வைட்டமின் கே-தான்."

எனக்கு அந்த இரண்டு மாதமும் வாரம் வாரமாகக் கண் முன்னால் வந்தது. காலை ஷிஃப்ட், கீரை, அளவு குறைவு. மதிய ஷிஃப்ட், கருவாடு, அளவு கூடுதல். டாக்டர் மாத்திரையை ஏற்ற ஏற்ற, நான் கோபித்துக்கொண்டு கீரையை நிறுத்தியிருக்கிறேன். துண்டையும் பெட்டியையும் எட்டுப் பெண்களின் முகத்தையும் சோதித்தவள், என் கீரைச் சட்டியை மட்டும் சோதிக்கவில்லை.

"ஆப்பரேஷன் முடிஞ்சு போறப்பவே சொல்லியிருப்பாங்களே?" என்றார் சிஸ்டர்.

கட்டிலிலிருந்து இவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். "சொன்னாங்க சிஸ்டர். ஏலக்கா அதிகம் கூடாதுன்னு."

"ஏலக்காயா?"

"ஆமா. 'கழிக்கருது' 'கழிக்கருது'ன்னு மலையாளத்துல ரெண்டு தடவ சொன்னாங்க. திங்கக் கூடாதுன்னு அர்த்தம். அண்ணனும் கேட்டான்."

சிஸ்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இலக்கறி என்று சொல்லியிருக்கிறார்கள். மலையாளத்தில் கீரை. ஏலக்காய் விளைகிற மலையிலிருந்து போன இரண்டு தமிழர்களின் காதில் அது ஏலக்காய் என்று விழுந்திருக்கிறது. வண்டன்மேட்டில் என் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இவர் ஏலக்காய் தட்டிப் போட்ட டீயை வேண்டாம் என்பார். அக்கா கோபித்துக்கொள்வாள். நான், இவருக்கு என் பிறந்த வீட்டு ஆட்களைப் பிடிக்கவில்லை என்று எட்டு வருடமாக நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கீரையை விட வேண்டியதில்லை, தினமும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், அதற்கேற்ப மாத்திரையைச் சரி செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். பேருந்து குட்டிக்கானம் தாண்டும்போது வெளியே மூடுபனி. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவர் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"நானும் ஒன்னச் சந்தேகப்பட்டேன்" என்றார்.

"என்ன சந்தேகம்?"

"அன்னைக்கு டாக்டர் குடிக்குமான்னு கேட்டாங்கல்லா? அதுல இருந்து நீ என்னயப் பாத்த பார்வையே வேற. பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டியிருப்பான் பாத்திருக்கியா? குடிகாரனுக்குத் தெரியாமச் சாப்பாட்டுல கலந்து குடுக்க பொடி. தினமும் கீர, கீரன்னு நீ அந்தப் பாடு படுத்துனியா... அதுலதான் நீ பொடியப் போடுதன்னு நெனச்சேன்."

"அதுக்காகவா அவருக்குக் குடுத்திய?"

"அவன் குடிக்கவன்தான? பொடி இருந்தா அவனுக்காவது ஒதவட்டும்னுதான்."

"நிறுத்துனாரா?"

"எங்க? முன்னயவிடக் கூடுதலாக் குடிக்கான். அதுக்கப்புறந்தான் நீ ஒண்ணும் கலக்கலேன்னு எனக்கு நம்பிக்க வந்துச்சு. ஆனா அதுக்குள்ள கருவாடு பழகிப்போச்சு."

நான் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் நின்றேன். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த வாரம் தாய்மார்களை மறுபடி கூப்பிட்டேன். என் வீட்டில் நடந்ததை அப்படியே சொன்னேன். எட்டுப் பெண்களைச் சந்தேகப்பட்டதை மட்டும் விட்டுவிட்டேன். கீரை நல்லதுதான், பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுங்கள், ஆனால் வீட்டில் யாராவது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், டாக்டரைக் கேட்காமல் எதையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள் என்றேன். எல்லோரும் கலைந்து போன பிறகு ஒருத்தி மட்டும் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், எங்க மாமாவுக்கும் அப்படி ஒரு மாத்திர உண்டு. காலு வீங்கி ரத்தம் கட்டுனதுக்குக் குடுத்தது. நீங்க சொன்னீங்கன்னு மூணு மாசமா கீர ஆக்கிப் போடுதேன். போன தடவ டாக்டர் ஏசுனாரு, மாத்திர திங்கலியான்னு. நாங்களும் அவரப் போட்டு ஏசுனோம்."

மறுநாள் காலை முதல் பேருந்தில் நானும் அவர்களுடன் போனேன். பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எனக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மருமகள் சீட்டு வாங்க முன்னால் போனதும், என் பக்கமாகக் குனிந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"டீச்சரம்மா, நான் ஒரு நாள்கூட விடாமத்தான் முழுங்குதேன். வீட்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ."

"நான் நம்புதேன் மாமா" என்றேன்.